ராடு பிடித்த கை பதில் எழுதுகிறது

கல்லூரிக்குப் போகாமல் கைத்தொழில் கற்றுக்கொள்ளும் பெண்களைப் பற்றிச் சென்ற இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. இருபத்தாறு ஆண்டுகள் வெல்டிங் ராடு பிடித்துவிட்டு, இப்போது பயிற்சிக்கூடத்தில் கற்றுக்கொடுக்கிறேன். பேனா பிடிக்க இன்னும் கை பழகவில்லை. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

பள்ளி இறுதித் தேர்வில் நல்ல மதிப்பெண் வரும் என்று ஆசிரியர்கள் சொல்கிறார்கள். எனக்கு வெல்டிங் கற்றுக்கொள்ள ஆசை. "மார்க் வராதவர்கள் போகிற இடத்துக்கு நீ ஏன் போக வேண்டும்?" என்று வீட்டில் கேட்கிறார்கள். என் மார்க் வீணாகிவிடுமா அக்கா?
— இறுதி வகுப்பு மாணவி

கணக்கில் எடுத்த மார்க் எங்கே செலவாகும் என்று முதலில் சொல்கிறேன். ஒரு குழாய் நேராகப் போய்க்கொண்டிருக்கிறது. நடுவில் ஒரு தூண் வந்துவிட்டது. குழாயை 300 மில்லிமீட்டர் பக்கவாட்டில் ஒதுக்கி, மறுபடியும் பழைய திசையில் கொண்டுபோக வேண்டும். 45 டிகிரி வளைவு இரண்டு போடுகிறோம். இடையில் வரும் சாய்வுத் துண்டு எவ்வளவு நீளம்? 300-ஐ 1.414-ஆல் பெருக்கினால் 424. அதில் இரண்டு வளைவுகளும் எடுத்துக்கொள்ளும் நீளத்தைக் கழித்துவிட்டு வெட்ட வேண்டும். இந்த 1.414 எங்கிருந்து வந்தது என்று தெரியாமலேயே முப்பது ஆண்டு வேலை பார்த்தவர்கள் உண்டு. 45 டிகிரிக்குப் பதில் 30 டிகிரி வளைவு வந்து இறங்கிய நாளில் அவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள். நீ தரையில் சாக்பீஸால் ஒரு முக்கோணம் வரைந்து, 300-ஐ இரண்டால் பெருக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாய்.

படிப்பு எப்படிப் போகும் என்றால், முதலில் தட்டையான தகட்டின் மேல் கோடு போடுவாய். வாரக்கணக்கில் அதே கோடு. பிறகு கிடைமட்டம், செங்குத்து, தலைக்கு மேல். தலைக்கு மேல் பற்றவைக்கும்போது உருகிய இரும்பு உன்னைத் தேடித்தான் விழும். இவற்றையெல்லாம் தாண்டி, 45 டிகிரி சாய்வில் அசையாமல் நிற்கும் குழாயைச் சுற்றிப் பற்றவைக்கும் சோதனை ஒன்று இருக்கிறது. 6ஜி என்பார்கள். குழாயைத் திருப்பக் கூடாது, நீதான் சுற்றிவர வேண்டும். அந்தச் சோதனையில் தேறியவர்களைக் குழாய் வேலை நடக்கும் இடங்களில் தனியாகவே மதிப்பார்கள்.

வெல்டிங்கில் எனக்குப் பிடித்ததே சோதனைதான். பற்றவைத்த துண்டைப் பட்டை பட்டையாக அறுத்து, அழுத்து இயந்திரத்தில் 'U' வடிவத்துக்கு வளைப்பார்கள். வளைந்த பரப்பில் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வாய் பிளந்தால் தோல்வி. யார் மகள், எந்தப் பள்ளி என்ற கேள்வியெல்லாம் அந்த இயந்திரத்துக்குத் தெரியாது. நான் முதல் தடவை தோற்றேன். ஒரு அடுக்குக்கும் அடுத்த அடுக்குக்கும் இடையே, ராடின் மேல்பூச்சு உருகிப் படியும் கசடைச் சரியாகத் தட்டி எடுக்கவில்லை. வெளியே பார்த்தால் மீன் செதில் வரிசைபோல அழகாக இருந்தது. உள்ளே கசடு புதைந்திருந்தது. பயிற்றுநர் ஒரு வார்த்தை பேசாமல், பிளந்த பட்டையை என் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனார். அதை இன்னும் வைத்திருக்கிறேன்.

இனி உன் வீட்டார் சொல்லாத, ஆனால் சொல்லியிருக்க வேண்டிய விஷயம். வெல்டிங் சுடரில் 5,000 டிகிரி செல்சியசுக்கும் மேல் வெப்பம், கூடவே புற ஊதாக் கதிர். கற்றுக்கொள்ளும் காலத்தில், முகமூடியை இறக்குவதற்கு முன்பே ராடைத் தகட்டில் தொட்டுச் சுடரைக் கிளப்பிவிட்டேன். ஒரு தடவை இல்லை, பத்துப் பதினைந்து தடவை. அப்போது ஒன்றும் தெரியவில்லை. நள்ளிரவில் கண்ணுக்குள் ஒரு பிடி மணலை அள்ளிப் போட்டதுபோல எரிந்தது. விடியும்வரை ஈரத் துணியைக் கண்ணில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஓரிரு நாளில் சரியாகிவிடும் என்பது அப்போது தெரியாது, குருடாகிவிட்டேன் என்றே நினைத்தேன். அது வந்து போவது. புகை அப்படி இல்லை. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017-இல் வெல்டிங் புகையை, மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் சேர்த்தது. ஆகவே எந்தப் பயிற்சி நிலையத்தில் சேர்வதானாலும் உள்ளே போய்ப் பார். மேசைக்கு மேல் புகையை உறிஞ்சும் குழாய் இருக்கிறதா? இருந்தால், அது ஓடுகிறதா? கட்டடம் பளபளப்பாக இருக்கிறதா என்பதைவிட எனக்கு இதுதான் முக்கியம்.

வரைபடத்தில் கையெழுத்துப் போடும் பொறியாளர் ஆக ஆசை என்றால் கல்லூரிக்குத்தான் போக வேண்டும். அதற்குச் சுற்றுவழி கிடையாது. வெல்டிங் முடித்து, சில ஆண்டு வேலை பார்த்து, பிறகு டிப்ளமோவோ, வெல்டிங்கின் தரம் பார்க்கும் ஆய்வாளர் படிப்போ படித்தவர்களும் இருக்கிறார்கள். ராடு பிடித்த ஆய்வாளர் ஒருவர் வந்தால் வேலையிடத்தில் எல்லோரும் கொஞ்சம் நிமிர்ந்து நிற்பார்கள், ஏமாற்ற முடியாது அல்லவா. ஒன்றே ஒன்று: வீட்டாரோடு போட்ட சண்டைக்காக வெல்டிங்கை எடுக்காதே. சண்டை ஆறு மாதத்தில் தீர்ந்துவிடும், புகை தீராது.

கான்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டு வெல்டிங் செய்தால் லென்ஸ் உருகிக் கண்ணோடு ஒட்டிக்கொள்ளும் என்கிறார்களே, உண்மையா?
— பயிற்சி மாணவி

பொய். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து இந்தக் கதை சுற்றிக்கொண்டிருக்கிறது. கண்ணில் இருக்கும் லென்ஸ் உருகும் அளவுக்குச் சூடு வந்தால், அதற்கு வெகு முன்பே முகம் வெந்திருக்கும். லென்ஸுக்கும் கண்ணுக்கும் நடுவில் இரும்பைத் தேய்க்கும் கிரைண்டரின் தூசி போனால்தான் தொல்லை. முகமூடிக்குள்ளேயும் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். லென்ஸைவிட உங்கள் உடுப்பைப் பற்றி எனக்குக் கவலை அதிகம். பாலியெஸ்டர் துணி, பொறி பட்டதும் உருகித் தோலோடு ஒட்டும். பருத்தி போடுங்கள்.

என் மகள் ஒல்லியான பெண். ஃபிட்டர் வேலை கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். பளு தூக்கும் வேலை அவள் உடம்புக்குத் தாங்குமா? நாளைக்குக் கல்யாணம், குழந்தை என்று வரும்போது என்ன செய்வாள்?
— ஒரு தாய்

சகோதரி, உங்கள் கேள்வியில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. முதலாவது சுலபம்.

பெரிய ஆக்சிஜன் சிலிண்டர் ஏறக்குறைய 60 கிலோ இருக்கும். அதைத் தோளில் தூக்கிப் போகிற ஆணை நான் பார்த்திருக்கிறேன். இப்போது அவர் இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு நடக்கிறார். சிலிண்டருக்குத் தள்ளுவண்டி இருக்கிறது, அதில் சங்கிலியால் கட்டித் தள்ள வேண்டும். அமெரிக்காவின் பணிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், எல்லாம் சாதகமாக இருக்கும் நிலையிலேயே கையால் தூக்க 23 கிலோதான் உச்சம் என்று கணக்கிட்டிருக்கிறது. குனிந்து, திரும்பி, எட்டித் தூக்கினால் அது இன்னும் குறையும். இந்தக் கணக்கு ஆண்களுக்கும் சேர்த்துத்தான். நாற்பது வயதில் முதுகு போன ஃபிட்டர்கள் எல்லோரும் பலசாலிகளாக இருந்தவர்கள்தான். உடம்பில் தெம்பு இருந்ததால் வண்டியைத் தேடாமல் விட்டவர்கள்.

ஸ்பேனரும் அப்படியே. 20 சென்டிமீட்டர் ஸ்பேனரில் அசையாத நட்டை, 40 சென்டிமீட்டர் ஸ்பேனரில் பாதி விசையால் அசைக்கலாம். (சின்ன ஸ்பேனரில் குழாயைச் சொருகி நீளமாக்குவார்கள், அதைக் கற்றுக்கொள்ள வேண்டாம் என்று சொல்லுங்கள். நழுவினால் பல் போகும்.) ஃபிட்டர் வேலையில் உடம்பைத் தின்பது நாள் முழுக்க நிற்பதும், கிரைண்டரின் அதிர்வும், முட்டி போட்டு வேலை செய்வதும்தான். ஆண்டுக்கணக்கில் அதிர்வு ஏறினால் விரல் நுனிக்கு இரத்தம் ஓடுவது குறைந்து, வெளுத்து மரத்துப்போகும். ஒல்லி, குண்டு பார்க்காது.

இரண்டாவது கேள்விக்கு அவ்வளவு சுலபமான பதில் என்னிடம் இல்லை. கர்ப்பம் என்று தெரிந்த நாளிலேயே மேற்பார்வையாளரிடம் சொல்ல வேண்டும். மூன்றாம் மாதம்வரை யாரிடமும் சொல்லாமல் இருப்பது பலருக்கு வழக்கம், ஆனால் கருவுக்குப் புகையும் ஈயமும் ரசாயனக் கரைப்பான்களும் ஆகாத காலம் அதுதான். சொன்னால் அளவெடுக்கும் மேசைக்கோ, உதிரிப்பாகக் கிடங்குக்கோ, வரைபட வேலைக்கோ மாற்றிக் கொடுக்கும் இடமும் உண்டு, வீட்டுக்குப் போ என்று சொல்லும் இடமும் உண்டு. வேலைக்குச் சேரும் முன்பே, அங்கே ஏற்கெனவே வேலை பார்க்கும் பெண் யாராவது இருந்தால் தனியாகப் பேசிப் பார்க்கச் சொல்லுங்கள். பெண்ணே இல்லாத இடம் என்றால் முதல் ஆளாகப் போகிறாள், அதையும் தெரிந்துகொண்டு போகட்டும்.

எலக்ட்ரீஷியன், பிளம்பர், சி.என்.சி. (கணினி நிரல்படி உலோகத்தை வெட்டும்) இயந்திரம் இயக்குபவர் என்று மூன்றையும் யோசித்துவைத்திருக்கிறேன். எதை எடுக்கலாம்?
— பத்தொன்பது வயது வாசகி

மூன்று தொழிலிலும் மிக மோசமான நாள் எப்படி இருக்கும் என்று கேட்டு, அந்த நாளை உன்னால் கழிக்க முடியுமா என்று பார். நல்ல நாள் எந்தத் தொழிலிலும் நன்றாகத்தான் இருக்கும்.

பிளம்பரின் மோசமான நாளை விவரிக்க வேண்டியதில்லை, மூக்கைப் பிடித்துக்கொண்டு கற்பனை செய்துகொள். ஆனால் கழிவுநீர்க் குழாய்க்கு மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர் சரிவு கொடுத்துப் பதித்து, தண்ணீர் ஊற்றி, மறுமுனையில் அது ஒழுங்காக வந்து விழுவதைப் பார்க்கும்போது வருகிற திருப்தி இருக்கிறதே, எனக்குத் தெரிந்த பிளம்பர் பெண் அதற்காகவே வேலை செய்கிறாள். மூன்றில், பிறர் வீட்டுக்குள் தனியாகப் போக வேண்டிய வேலை இதுதான். எலக்ட்ரீஷியனுக்கும் ஓரளவு அப்படி.

எலக்ட்ரீஷியனுக்கு மோசமான நாள் ஒருமுறைதான் வரும் என்பதால் சோதனை அங்கே ஒரு மதம்போல. மின்சாரம் இல்லை என்று முடிவு செய்வதற்கு முன், சோதனைக் கருவியை மின்சாரம் இருக்கிற இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், பிறகு வேலை செய்யும் கம்பியில், பிறகு மறுபடியும் மின்சாரம் இருக்கிற இடத்தில். கருவியே செத்துப்போயிருக்கலாம் அல்லவா! இந்த மூன்று படியில் ஒன்றைத் தினம் சோம்பலில் விட்டுவிடுவாய் என்று உன்னைப் பற்றி உனக்கே சந்தேகம் இருந்தால், வேண்டாம். கம்பிகளின் நிறம் பிரித்துப் பார்க்கும் தொழில் இது. சிவப்பும் பச்சையும் குழம்பும் குறைபாடு ஆண்களிடம்தான் மிக அதிகம், எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவதால். இதைப் பெண்களுக்கான வேலை என்று ஏன் யாருக்கும் முதலில் தோன்றவில்லை என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

சி.என்.சி.யில் மோசமான நாள் என்றால் அலுப்பு. ஒரே ஜாபை, அதாவது வெட்ட வேண்டிய ஒரே மாதிரித் துண்டை, நானூறு தடவை மாட்டிக் கழற்றுவது. அல்லது நிரலில் ஒரு புள்ளி இடம் மாறி, வெட்டுக்கருவி முழு வேகத்தில் போய்ப் பிடிமானத்தில் மோதுவது. தலைமுடி ஏறக்குறைய 0.07 மில்லிமீட்டர் தடிமன், அங்கே 0.02 பிசகினாலே ஜாப் குப்பைக்குப் போகலாம். பட்டன் அழுத்துவதோடு நிற்காமல் நிரல் எழுதவும் அளக்கவும் கற்றுத்தருகிற இடமாகப் பார்த்துச் சேர்.

நானாக இருந்தால்? எலக்ட்ரீஷியன். ஆனால் நான் வெல்டர் ஆகிவிட்டேன்.

பட்டறை நடத்துகிறேன். நீங்கள் எழுதியதைப் போன்ற கட்டுரைகளைப் படித்துவிட்டு ஒரு பெண்ணை வேலைக்கு எடுத்தேன். மூன்றே மாதத்தில் நின்றுவிட்டாள். பெண்களுக்கு இந்த வேலையில் நிலைத்து நிற்கும் ஆர்வம் இல்லை. அவள் செய்த வெல்டிங்கையும் வாடிக்கையாளர்கள் நம்பவில்லை. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?
— பட்டறை உரிமையாளர்

ஐயா, நீங்கள் எடுத்துப் பார்த்தீர்களே, அதற்கே நன்றி. இனி சில கேள்விகள் கேட்கிறேன், கோபிக்காதீர்கள்.

அந்த மூன்று மாதத்தில் அவள் எத்தனை கிலோ ராடு எரித்தாள்? நான் முதலில் சேர்ந்த இடத்தில் இரண்டு மாதம் ராடு எண்ணினேன், தரை கூட்டினேன், வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தேன். என்னோடு சேர்ந்த பையன் இரண்டாவது வாரமே ராடு மாட்டும் ஹோல்டரைப் பிடித்துவிட்டான். கெட்ட எண்ணத்தால் அப்படிச் செய்தார்கள் என்று சொல்ல மாட்டேன். "பாவம், பெண் பிள்ளை, சுட்டுக்கொள்ளப் போகிறது" என்றுதான் சொன்னார்கள். அந்தப் பாவத்தில்தான் என் இரண்டு மாதம் போயிற்று.

அவளுக்கு எந்த அளவில் கையுறை கொடுத்தீர்கள்? எனக்குக் கொடுத்த கையுறையில் விரல்நுனி தாண்டி இரண்டு அங்குலம் காலியாகத் தொங்கும். ராடின் நுனி எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரியாது. கோடு ஆடும். ஆடிய கோட்டைப் பார்த்து, பெண்களுக்குக் கை நிலையாக இருக்காது என்றார்கள். சின்ன அளவுக் கையுறையை நானே தேடி வாங்கிப் போட்ட வாரத்தில் கை நிலைத்துவிட்டது.

கழிப்பறை இருந்ததா, பூட்ட முடிந்ததா? இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது என்றாலும் எழுதித்தான் ஆக வேண்டும். போக இடமில்லாத பெண் தண்ணீர் குடிக்க மாட்டாள். வெல்டிங் வெக்கையில் தண்ணீர் குடிக்காமல் மூன்று மாதம் தாக்குப்பிடித்திருந்தால் அதுவே பெரிது.

வாடிக்கையாளர் நம்பாததற்கு ஒரு பழைய கதை சொல்கிறேன். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா 1941 முதல் 1945 வரை லிபர்ட்டி என்ற வகைச் சரக்குக் கப்பல்கள் 2,710-ஐக் கட்டியது. ரிவெட் ஆணி அறைந்து இணைப்பதை விட்டு, தகடுகளைப் பற்றவைத்து இணைத்தார்கள். கப்பல் கட்டும் தளங்களில் வெல்டிங் செய்தவர்களில் ஏராளமான பெண்கள். அந்தக் கப்பல்களில் விரிசல் விழத் தொடங்கியது. 1943 ஜனவரியில் 'ஷெனெக்டாடி' என்ற எண்ணெய்க் கப்பல், இது லிபர்ட்டி வகை இல்லை என்றாலும் அதே முறையில் கட்டியது, அமைதியான தண்ணீரில் துறையில் நின்றபடியே நடுவில் பிளந்தது. பழி முதலில் வெல்டிங் மேல் விழுந்தது. மோசமான வெல்டிங்கும் சில இடங்களில் இருந்தது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அடிப்படைக் காரணத்தைக் கண்டுபிடித்தவர் கேம்பிரிட்ஜில் உலோகவியல் ஆராய்ந்த கான்ஸ்டன்ஸ் டிப்பர் என்ற பெண்மணி. குறிப்பிட்ட குளிருக்குக் கீழே போனதும் அந்த எஃகு கண்ணாடிபோல நொறுங்கும் தன்மை பெற்றது. ஆணி அறைந்த கப்பலில் விரிசல் தகட்டின் ஓரத்தில் நின்றுவிடும். பற்றவைத்த கப்பலில் நிற்க இடமில்லாமல் ஓடிக்கொண்டே போகும். கப்பலின் மேல்தளத்துத் திறப்புகளின் சதுர மூலைகளும் விரிசல் பிறக்க வசதியாக இருந்தன.

அடுத்த தடவை வாடிக்கையாளர் முகம் சுளித்தால், ஒரு மாதிரித் துண்டை அவர் கண்ணெதிரே வளைத்துக் காட்டுங்கள். எல்லா வெல்டருடைய துண்டையும் காட்டுங்கள், அவளுடையதை மட்டும் காட்டினால் அதுவும் அவமானம்தான். முடிந்தால் இரண்டு பெண்களைச் சேர்த்து எடுங்கள். ஒருத்தி தவறு செய்தால் "பெண்கள் இப்படித்தான்" என்பார்கள். இரண்டு பேர் இருந்தால் யார் செய்தது என்று பெயர் கேட்டாக வேண்டியிருக்கும்.

முப்பத்து நான்கு வயது. கல்யாணத்துக்கு முன் இரண்டு ஆண்டு வெல்டராக வேலை பார்த்துச் சான்றிதழும் வாங்கினேன். குழந்தைக்காக நின்று ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. மறுபடியும் போகலாமா? பழைய சான்றிதழ் செல்லுமா?
— வேலைக்குத் திரும்ப நினைப்பவள்

போகலாம். சான்றிதழ் செல்லாது. இதை யாரும் உங்களுக்கு முன்பே சொல்லாதது எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

பயிற்சி முடித்ததற்குக் கொடுத்த சான்றிதழ் வேறு, அது உங்களுடையது, காலாவதி ஆகாது. வெல்டர் தகுதிச் சான்று அப்படி இல்லை. வெல்டர் தகுதிக்கான சர்வதேச விதியான ஐ.எஸ்.ஓ. 9606-1-இன்படி ஆறு மாதத்துக்கு ஒருமுறை, இவர் இந்த முறையில் தொடர்ந்து பற்றவைத்து வருகிறார் என்று பொறுப்பாளர் கையெழுத்திட வேண்டும். அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கமான ஏ.எஸ்.எம்.இ.யின் விதியிலும், ஒரு வெல்டிங் முறையில் ஆறு மாதம் வேலை செய்யாவிட்டால் அந்த முறைக்கான தகுதி போய்விடும். விதி எழுதியவர்கள் பெண்களை நினைத்துக் கெடுதல் செய்யவில்லை, கை மறந்துபோகும் என்ற நியாயமான பயம்தான். ஆனால் ஆறு மாதத்துக்கு மேல் நிற்க வேண்டிவருவது பெரும்பாலும் யாருக்கு? எனக்கும் அப்படித்தான் போயிற்று. ஒன்பது மாதம் கழித்துத் திரும்பியபோது, நான் கற்றுக்கொடுத்த பையன் எனக்குச் சோதனைத் துண்டு வெட்டிக் கொடுத்தான்.

இப்போது செய்ய வேண்டியது: உடனே சோதனைக்கு உட்காராதீர்கள். ஒரு பயிற்சி நிலையத்திலோ தெரிந்த பட்டறையிலோ கொஞ்ச நாள் பழகிக்கொள்ளுங்கள். முதலில் தட்டை, பிறகு செங்குத்து. ஐந்து ஆண்டில் கண் மாறியிருக்கும், பார்வையைச் சோதித்துவிடுங்கள். முகமூடிக்குள் பொருத்தும் உருப்பெருக்கி வில்லை கிடைக்கிறது. எனக்கு அதை யாரும் சொல்லாமல், என் கை போய்விட்டது என்று ஒரு மாதம் அழுதிருக்கிறேன். 7018 என்ற வகை ராடு கொடுத்தால், ராடு காயவைக்கும் அடுப்பில் காயவைத்ததா என்று கேளுங்கள். ஈரம் ஏறிய ராடிலிருந்து ஹைட்ரஜன் பற்றவைத்த இடத்துக்குள் புகுந்து, நீங்கள் வீட்டுக்குப் போன பிறகு விரிசல் விடும், பழி உங்கள் மேல் வரும்.

சோதனையில் தேறியதும் ஒரு நோட்டு வாங்கி, தேதி, வெல்டிங் முறை, தகட்டின் தடிமன், செய்த வேலை எல்லாவற்றையும் எழுதி, மாதக் கடைசியில் மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்குங்கள். அவர் பிறகு பார்க்கலாம் என்பார். பேனாவையும் நீங்களே கொண்டுபோங்கள்.